ஒரே கூரையில் 46 ஆண்டுகள்: நியூயார்க்கின் இரு அறச்சங்கங்கள் இணைந்தது ஏன்?

1. கேள்வி

மன்ஹாட்டனில் கிழக்கு 22ஆம் தெருவும் இன்றைய பார்க் அவென்யூ சவுத்தும் கூடும் முனையில் 1893இல் ஒரு பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. யுனைடெட் சாரிட்டீஸ் பில்டிங் என்று பெயர். வங்கியாளரும் ரயில்பாதை முதலீட்டாளருமான ஜான் ஸ்டூவர்ட் கென்னடி தம் செலவில் கட்டி, நகரின் நான்கு அறநிறுவனங்களிடம் ஒப்படைத்தார். ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்தால் வீண்செலவும் குழப்பமும் குறையும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த நான்கில் இரண்டு சங்கங்களே இக்கட்டுரையின் பொருள். ஒன்று 1843இல் தொடங்கிய ‘ஏழைகள் நிலை மேம்பாட்டுச் சங்கம்’. மற்றது 1882இல் தொடங்கிய ‘அறப்பணி ஒழுங்கமைப்புச் சங்கம்’. முன்னதை மேம்பாட்டுச் சங்கம் என்றும் பின்னதை ஒழுங்கமைப்புச் சங்கம் என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். இரண்டுக்கும் நன்கொடை ஒரே வட்டத்துப் பணக்காரர்களிடமிருந்து வந்தது. இரண்டும் நாடிச் சென்றதும் ஒரே குடியிருப்புகளைத்தான். போதாக்குறைக்கு, இரட்டிப்பு வேலையை ஒழிப்பதே ஒழுங்கமைப்புச் சங்கத்தின் பிறவிக் கடமை. அப்படியிருந்தும் பக்கத்து அறைக்காரரோடு அது இணைய 46 ஆண்டுகள் ஆயின. 1939இல்தான் இரண்டும் கலந்து ‘கம்யூனிட்டி சர்வீஸ் சொசைட்டி’ ஆயின.

ஏன் இவ்வளவு காலம்? அதைவிட முக்கியமாக, ஏன் 1939? சிக்கனம், காலத்தின் தேவை, தலைமுறை மாற்றம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இந்த ஆண்டை விளக்குவதில்லை. இரு சங்கங்களும் எதைப் பற்றி வேறுபட்டு நின்றனவோ, அந்த நிவாரணம் என்கிற பொறுப்பு 1931க்கும் 1935க்கும் இடையில் இருவர் கையையும் விட்டு அரசிடம் போனது. இணைப்பு அதற்குப் பிறகே நடந்தது. வேறுபாடு பேசித் தீர்க்கப்படவில்லை, வேறுபடுவதற்கான காரணம்தான் இல்லாமல் போனது என்பது என் வாதம்.

2. சீட்டும் பார்வையாளரும்

1837இன் பொருளாதார வீழ்ச்சி நியூயார்க்கில் வேலையற்றவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அப்போது நகரத்தில் சிறு சிறு உதவிச் சங்கங்கள் ஏராளம். யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. இதற்கு விடையாகத்தான் மேம்பாட்டுச் சங்கம் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நாற்பது ஆண்டு கழித்து இதே குறையைச் சொல்லிக்கொண்டுதான் ஒழுங்கமைப்புச் சங்கமும் வந்தது.

மேம்பாட்டுச் சங்கத்தை முப்பது ஆண்டுக்கு மேல் நடத்தியவர் ராபர்ட் ஹார்ட்லி. மதுவிலக்கு இயக்கத்திலிருந்து வந்தவர். சாராய ஆலைக் கழிவைத் தின்று வளர்ந்த மாடுகளின் பால் நகரக் குழந்தைகளைக் கொல்கிறது என்று 1842இலேயே புத்தகம் எழுதியவர். வறுமைக்கு ஒழுக்கக்கேடே வேர் என்று அவர் நம்பினார். ஆனால் பால், கழிவுநீர், காற்றோட்டம் என்று கண்ணுக்குத் தெரிந்த காரணங்களை அவரால் ஒதுக்கவும் முடியவில்லை. இந்த இரட்டை மனம் சங்கத்தை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

அவர்களுடைய வழிமுறை எளியது. நகரம் வார்டுகளாகவும் வார்டு சிறு பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஊதியம் பெறாத ஒரு பார்வையாளர். சந்தா கட்டிய உறுப்பினர் வீட்டில் அச்சடித்த சீட்டுகள் இருக்கும். வாசலில் வந்து கைநீட்டுபவருக்குக் காசு கொடுக்கக்கூடாது. அவர் வசிக்கும் பிரிவின் பார்வையாளர் யாரென்று பார்த்துச் சீட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். பார்வையாளர் வீடு தேடிப் போய் விசாரித்து, தகுதி உண்டென்று பட்டால் உணவுப்பொருளாகவோ நிலக்கரியாகவோ கொடுப்பார். பணம் கிடையாது. கூலிக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. ஆக, விசாரணையும் கண்டிப்பும் ஒழுங்கமைப்புச் சங்கம் கண்டுபிடித்தவை என்ற பொதுக் கருத்து சரியல்ல. அவர்களுக்கு முன்பே சீட்டைப் பயன்படுத்தியவர்கள் ஹார்ட்லியின் ஆட்கள்.

1855இல் மேம்பாட்டுச் சங்கம் ஒரு முன்மாதிரிக் குடியிருப்பையும் கட்டிப் பார்த்தது. கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்களை மனத்தில் வைத்து, நல்ல வீட்டை நியாயமான வாடகைக்குக் கொடுத்தும் முதலுக்கு வட்டி ஈட்டலாம் என்று காட்டுவது நோக்கம். சில ஆண்டுகளில் கைமாறிய அந்தக் கட்டடம் ‘பிக் ஃப்ளாட்’ என்ற பெயரில் நகரின் பேர்போன சேரிக் குடியிருப்புகளில் ஒன்றாகி, 1880களில் இடிக்கப்பட்டது. நல்லெண்ணத்தால் கட்டப்பட்ட ஒரு கட்டடம், வீட்டுச் சந்தையின் விதியை மாற்றவில்லை. இந்தப் பாடத்தை மற்ற சங்கம்தான் பிறகு பயன்படுத்திக்கொண்டது.

3. ஒழுங்குபடுத்த வந்தவர்கள்

1870களில் நியூயார்க் நகர நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. அநாதை இல்லம், முதியோர் விடுதி, ஏழையர் மருத்துவமனை போன்றவற்றுக்குள் வருபவர்களை அது பராமரிக்கும். வீட்டிலிருக்கும் ஏழைக்குப் பொருளுதவி, பண உதவி என்று கொடுத்துவந்ததைப் படிப்படியாக விட்டுவிட்டது. 1898இல் ஐந்து பகுதிகளும் சேர்ந்து பெருநகரமான பிறகு, நகரச் சாசனமே இத்தகைய வீட்டு நிவாரணத்தைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. இந்தத் தடை பல வரலாறுகளில் ஒரு வரியோடு கடந்துபோகிறது. ஆனால் இதுவே நம் கதையின் அச்சாணி. ஏனென்றால், வேலையிழந்து வாடகைக்கு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குத் தனியார் சங்கங்களை விட்டால் போக்கிடம் இல்லை என்ற நிலை ஏறத்தாழ அறுபது ஆண்டு நீடித்தது. அந்த அறுபது ஆண்டுக்குள்தான் இரு சங்கங்களின் பகையும் உறவும் அடங்கிவிடுகின்றன.

இந்த வெற்றிடத்தில் 1882இல் ஜோசஃபின் ஷா லோவெல் ஒழுங்கமைப்புச் சங்கத்தைத் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் அண்ணனை 1863இலும், கணவரை 1864இலும் இழந்தவர். வடக்கு மாநிலங்களின் முதல் கறுப்பினப் படைப்பிரிவுகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கி மாண்ட ராபர்ட் கூல்ட் ஷாதான் அந்த அண்ணன். லோவெல் 1876இல் நியூயார்க் மாநில அறநிறுவன வாரியத்தின் முதல் பெண் உறுப்பினரானார். லண்டனில் 1869இலும் பஃபலோவில் 1877இலும் இதே பெயரில் சங்கங்கள் ஏற்பட்டிருந்தன. மாதிரி கையில் இருந்தது.

புதிய சங்கத்தின் முதல் விதி: நம் நிதியிலிருந்து நிவாரணம் கொடுக்க மாட்டோம். விசாரிப்போம், பதிவு செய்வோம், பொருத்தமான சங்கத்துக்கோ தனியாருக்கோ அனுப்புவோம். ஒரு குடும்பத்தின் பெயர், பழைய முகவரிகள், வாடகை, சம்பளம், உறவினர், போகும் தேவாலயம், முன்பு யார் உதவினார் என்று எல்லாம் ஒரே கோப்பில் ஏறின. எந்தச் சங்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெருவில் பிச்சை கேட்கும் ஆண்களுக்கு விறகு அறுக்கும் களம் ஒன்று இருந்தது. விறகு அறுத்தால் சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. பிச்சைக்காரனுக்குச் சில்லறைக்குப் பதில் கொடுக்க இங்கேயும் சீட்டுதான்.

மேம்பாட்டுச் சங்கத்துக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிக்க அதிகம் பாடுபட வேண்டாம். அவர்கள் நிவாரணம் கொடுப்பவர்கள். எதிரில் வந்து உட்கார்ந்தவர்களோ, கொடுப்பதில் எப்படிக் கெடுதல் விளைகிறது என்று சொல்லிக்கொடுப்பவர்கள். கொடுப்பவன் கணக்கைக் கொடுக்காதவன் சரிபார்க்கும் ஏற்பாடு எந்த ஊரிலும் சுமுகமாக நடந்ததில்லை.

லோவெலைக் கல்நெஞ்சுக்காரராகச் சித்திரிப்பது வழக்கம். அவருடைய 1884ஆம் ஆண்டுப் புத்தகத்தை மட்டும் படிப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 1889இல் அவர் மாநில வாரியப் பதவியை விட்டுவிட்டு, உழைக்கும் பெண்களின் கூலிப் பிரச்சினைக்குத் திரும்பினார். நியூயார்க் நுகர்வோர் கழகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். கூலி சரியாக இருந்தால் பாதிப்பேருக்கு அறமே வேண்டியிருக்காது என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டார். சங்கம் அவரளவு வேகமாக நகரவில்லை.

4. சேர்ந்தும் சேராமலும்

1893க்குப் பிறகு இரு சங்கங்களும் எத்தனையோ விஷயங்களில் கைகோத்தன. வீடற்ற ஆண்களை விசாரிக்க இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டு விண்ணப்ப அலுவலகம் நடத்தின. 1912இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ கிறிஸ்துமஸ் காலத்தில் மிகவும் நலிந்த குடும்பங்களுக்காக நிதி திரட்டத் தொடங்கியபோது, அந்தக் குடும்பங்களின் விவரங்களைத் தந்தவர்களில் இவ்விருவரும் இருந்தனர். ஒழுங்கமைப்புச் சங்கத்தின் ‘சாரிட்டீஸ்’ இதழ் 1905இல் சிகாகோவிலிருந்து வந்த ‘தி காமன்ஸ்’ இதழோடு இணைந்து, 1909இல் ‘தி சர்வே’ ஆனது. பத்திரிகைகளை இணைப்பது அவர்களுக்கு இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது.

ஆனால் செயல்பாட்டில் இரண்டும் விலகிக்கொண்டே போயின. மேம்பாட்டுச் சங்கம் கண்ணுக்குத் தெரியும் உதவிகளின் பக்கம் சாய்ந்தது. பொதுக் குளியலறைகள் கட்டியது. கோனி ஐலண்டில் ‘சீ ப்ரீஸ்’ என்ற கடற்கரை இல்லத்துக்குக் கோடையில் தாய்மாரையும் குழந்தைகளையும் அழைத்துப் போனது. எலும்புக் காசநோய் கண்ட குழந்தைகளுக்கு அங்கேயே சிகிச்சையும் அளித்தது. எலிசபெத் மில்பாங்க் ஆண்டர்சன் என்ற செல்வச் சீமாட்டியின் பெருங்கொடை சுகாதாரப் பணிக்கென்றே வந்தது.

ஒழுங்கமைப்புச் சங்கம் சட்டத்தின் பக்கம் போனது. 1900இல் லாரன்ஸ் வெய்லர் அதன் குடியிருப்புக் குழுவின் சார்பில் ஒரு கண்காட்சி வைத்தார். கீழ் கிழக்குப் பகுதியின் உண்மையான ஒரு தெருக்கட்டம் அட்டையில் செய்து வைக்கப்பட்டிருந்தது. 39 கட்டடங்கள், 605 குடியிருப்புகள், 2,781 பேர். அவர்களுக்கு 264 கழிப்பிடங்கள். வெந்நீர் வசதி 40 குடியிருப்புகளுக்கு மட்டும். மேம்பாட்டுச் சங்கம் 1855இல் ஒரு நல்ல கட்டடம் கட்டித் தோற்றதென்றால், இவர்கள் ஒரு மோசமான கட்டடத்தொகுதியின் மாதிரியைச் செய்து வென்றார்கள். அடுத்த ஆண்டே மாநிலத்தில் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1898இல் இச்சங்கம் தொடங்கிய கோடைப் பயிற்சி வகுப்பு 1904இல் முழுநேரப் பள்ளியாகி, காலப்போக்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாயிற்று. ஒரு குடும்பத்தை விசாரித்து, பதிவெழுதி, திட்டமிட்டு உதவும் ‘கேஸ்வொர்க்’ முறை இத்தகைய சங்கங்களின் அனுபவத்திலிருந்து பாடமாக வளர்ந்தது. மேரி ரிச்மண்ட் 1917இல் அதை நூலாக்கினார். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி போன்ற நம்மூர்ப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலும் அந்த முறைக்கு நிரந்தர இடம் உண்டு.

நிவாரணம் கொடுக்காத சங்கம் என்ற விதி நடைமுறையில் தேய்ந்துபோனதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட குடும்பத்துக்காக நன்கொடையாளரிடம் பணம் கேட்டு வாங்கி, அதைத் தானே மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் ஒழுங்கமைப்புச் சங்கத்தில் நிலைபெற்றுவிட்டது. மறுபக்கம், மேம்பாட்டுச் சங்கமும் பயிற்சி பெற்ற ஊழியர்களை அமர்த்தியது. ஆகவே 1910களில் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல ஆகிவிட்டன என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் 1910களிலேயே ஏன் இணையவில்லை?

விடை கைம்பெண் உதவித்தொகை விவாதத்தில் இருக்கிறது. கணவனை இழந்த தாய்மாருக்கு அரசுப் பணத்தில் மாத உதவி தரலாமா என்ற கேள்வி 1910களில் நாடெங்கும் எழுந்தது. ஒழுங்கமைப்புச் சங்கத்தின் தலைமை அதைக் கடுமையாக எதிர்த்தது. அரசு கொடுக்கத் தொடங்கினால் அரசியல் புகுந்துவிடும், விசாரணையின் தரம் போய்விடும், குடும்பப் பொறுப்பு தளரும் என்றார்கள். மேம்பாட்டுச் சங்கத்திலோ வில்லியம் மேத்யூஸ் போன்றவர்கள் அதை ஆதரித்தார்கள். 1915இல் நியூயார்க்கில் சட்டம் நிறைவேறியது. அன்றாட வேலையில் ஒன்றாகத் தெரிந்தவர்கள், ஏழைக்குக் கொடுக்கும் கடமை யாருடையது என்ற கேள்வி வந்ததும் ஒரே கூரையின் கீழிருந்தபடி இரு பக்கமாகப் பிரிந்தார்கள். வேறுபாடு தேயவில்லை, இடம் மாறியிருந்தது.

5. இதுவரை தரப்பட்ட விளக்கங்கள்

இணைப்புக்குப் பிறகு 1942இல் லிலியன் பிராண்ட் எழுதி, இணைந்த சங்கமே வெளியிட்ட வரலாறு இரு சங்கங்களின் வளர்ச்சியையும் விரிவாகச் சொல்கிறது. தகவலுக்கு அதை விட்டால் வழியில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எழுதப்படும் குடும்ப வரலாறுகளுக்கே உரிய பார்வைக் கோணம் அதற்கும் உண்டு. இரு நதிகளும் ஆரம்பத்திலிருந்தே ஒரே கடலைத்தான் தேடி வந்தன என்பதுபோலப் படிக்கிறது.

ராய் லுபோவ் 1965இல் எழுதிய ‘தி புரொஃபஷனல் ஆல்ட்ரூயிஸ்ட்’ தொழில்மயமாதலை முன்வைக்கிறது. தொண்டர் போய் ஊதியம் பெறும் நிபுணர் வந்தார். நிபுணர்களுக்குச் சங்கத்தைவிடத் தொழில்மீது விசுவாசம். இதிலிருந்து நீட்டினால், ஒரே பள்ளியில் படித்த ஊழியர்களைக் கொண்ட இரு சங்கங்கள் இணைவது இயல்பு என்ற முடிவுக்கு வரலாம். ஆனால் லுபோவின் ஆய்வு 1930உடன் நிற்கிறது. அவர் விவரிக்கும் மாற்றம் அதற்குள் முடிந்துவிட்டது, இணைப்போ நடக்கவில்லை.

மூன்றாவது சிக்கன வாதம். 1930களின் பெருமந்தக் காலத்தில் நன்கொடை வற்றியது, இரண்டு நிர்வாகத்துக்கு வழியில்லை. 1938இல் நிறுவனங்களிடமும் ஊழியர்களிடமும் பொதுவாக நிதி திரட்ட ‘கிரேட்டர் நியூயார்க் ஃபண்ட்’ தொடங்கப்பட்டது. கூட்டு வசூல் வந்தபின் தனித்தனி வசூலுக்கு மவுசு குறையும் என்பதும் உண்மையே. இந்த வாதத்தை நான் முழுதாக ஒதுக்கவில்லை. ஆனால் 1893இலும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அப்போதும் பெட்டி காலியாயிற்று. அது இரண்டையும் இணைக்கவில்லை.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று சிகாகோ. அங்கே 1857இல் தோன்றிய நிவாரணச் சங்கமும், பின்னர் வந்த ஒழுங்கமைப்பு வகைச் சங்கமும் 1909லேயே இணைந்து ‘யுனைடெட் சாரிட்டீஸ் ஆஃப் சிகாகோ’ ஆயின. அரசு நிவாரணத்தை எடுத்துக்கொள்ளும்வரை அவர்கள் காத்திருக்கவில்லையே? இதற்கு என் பதில் பாதி உறுதியானது. சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் வீட்டு நிவாரணத்தை அரசு கைவிடவில்லை. கவுன்டி அலுவலகம் தொடர்ந்து கொடுத்துவந்தது. தாய்மார் உதவித்தொகைக்கு மாநில அளவில் முதன்முதல் சட்டம் இயற்றியதும் 1911இல் இல்லினாய்தான். அதாவது, நிவாரணம் தனியார் கையில் மட்டுமே இருந்த நியூயார்க்கின் நிலை அங்கே இல்லை. அதோடு 1871 பெருந்தீயின் நிவாரண நிதியைக் கையாண்ட விதத்தால் பழைய சங்கம் பெயர் கெட்டு நலிந்திருந்தது. இந்த இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல ஒரு நகரத்தின் ஒப்பீடு போதாது. ஆனால் சிகாகோ என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

6. நிவாரணம் கைமாறியது

1930 இலையுதிர் காலத்தில் வேலையற்றோர் வரிசை நீண்டபோது இரு சங்கங்களும் செய்த முதல் காரியம், தனியார் பணத்தாலேயே சமாளிக்க முயன்றது. வங்கித் தலைவர் செவார்ட் பிராசரின் தலைமையில் அமைந்த அவசர வேலைக் குழு 80 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அந்தப் பணத்தில் பூங்கா, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை கொடுக்கும் பொறுப்பு மேம்பாட்டுச் சங்கத்தின் அதே மேத்யூஸிடம் வந்தது. தனியார் அறத்துக்கு இது பெரிய வசூல்தான். அதுவும் சில மாதங்களில் கரைந்தது. வரிசை குறையவில்லை.

1931 செப்டம்பரில் ஆளுநர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் மாநிலம் 2 கோடி டாலர் ஒதுக்கி, தற்காலிக அவசர நிவாரண நிர்வாகத்தை அமைத்தது. அதன் செயல் இயக்குநராக வந்தவர் ஹாரி ஹாப்கின்ஸ். இளவயதில் மேம்பாட்டுச் சங்கத்தின் ஊழியராக இருந்து, கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் படியேறி இறங்கித் தொழில் கற்றவர். அந்த ஆண்டின் இறுதிக்குள் நகரமும் வீட்டு நிவாரண அலுவலகங்களைத் திறந்தது. 1870களில் மூடிய கதவு திரும்பத் திறந்தது.

1933இல் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானதும் ஹாப்கின்ஸ் கூட்டரசின் நிவாரண நிர்வாகியானார். அந்த ஜூன் மாதம் வந்த முதல் விதி: கூட்டரசுப் பணத்தை அரசு அமைப்புகளே நிர்வகிக்க வேண்டும். தனியார் சங்கங்கள் வழியாகப் பட்டுவாடா செய்யக்கூடாது. பல நகரங்களில் அரசுப் பணம் அதுவரை தனியார் சங்கங்களின் கைவழியேதான் ஏழைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாப்கின்ஸுக்கு அந்தச் சங்கங்களை உள்ளிருந்தே தெரியும். அவற்றின் திறமையும் தெரியும், ஏழையை நடத்தும் தொனியும் தெரியும். தெரிந்துதான் விலக்கினார் என்றே நான் படிக்கிறேன். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர், கண்பார்வையற்றோர், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோருக்கான உதவியை நிலையான அரசுக் கடமையாக்கியது. ஒழுங்கமைப்புச் சங்கம் 1915இல் தோற்ற வாதம் இப்போது நாடளவில் முடிந்துபோனது.

இதன்பின் இரு சங்கங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்பதில் மேம்பாட்டுச் சங்கத்துக்கு இருந்த பெருமிதத்துக்கு அடித்தளம் போயிற்று. நிவாரணத்தால் விளையும் கேட்டைத் தடுக்கப் பிறந்த ஒழுங்கமைப்புச் சங்கத்துக்குத் தடுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பகுதி நேரக் கூலிக்காரரின் மகளுக்கு வரும் மனச்சோர்வு, குடும்பச் சண்டை, பள்ளிக்குப் போகாத பிள்ளை, காசநோயிலிருந்து தேறுபவருக்கு வேண்டிய ஓய்வு என்று பணத்தால் மட்டும் தீராத பிரச்சினைகள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சின. இந்த மிச்சத்தில் சண்டைபோட ஒன்றும் இல்லை.

7. யார் யாரை விழுங்கியது?

இணைப்பென்று வந்துவிட்டால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. எளிய விடை, ஒழுங்கமைப்புச் சங்கம் வென்றது என்பது. புதிய சங்கத்தின் மையமாக நின்றது கேஸ்வொர்க், அது இவர்களுடைய சொத்து. மறுபுறம், மேம்பாட்டுச் சங்கம் கொண்டுவந்த சுகாதார நிலையங்களும் கோடை இல்லங்களும் மட்டும் இல்லாவிட்டால் புதிய சங்கத்திடம் பொதுமக்கள் கண்ணால் காணக்கூடிய பணி மிகக் குறைவாகவே இருந்திருக்கும். நன்கொடையாளரின் மனம் உருகுவது கடற்கரையில் விளையாடும் குழந்தையைப் பார்த்து. கோப்பைப் பார்த்து எவரும் உருகியதில்லை.

என் கணிப்பில் முறையில் ஒழுங்கமைப்புச் சங்கம் வென்றது, கொள்கையில் தோற்றது. அரசு நிவாரணம் கூடாது என்ற அதன் ஆதிக் கொள்கையை இணைந்த சங்கத்தில் தூக்கிப்பிடிக்க யாரும் இல்லை. 1905இல் காலமான லோவெல் இருந்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டார். இணைப்பின் மறு ஆண்டே, 1940இல், ஒழுங்கமைப்புச் சங்கம் வளர்த்த பள்ளி கொலம்பியாவோடு இணைவு பெற்று மெல்லக் கைவிட்டுப் போகத் தொடங்கியது.

8. பிறகு நடந்தது

தன் முறை உண்மையில் பயனளிக்கிறதா என்று அளந்து பார்க்கவும் புதிய சங்கம் துணிந்தது. மெக்விக்கர் ஹன்ட்டும் லெனர்ட் கோகனும் 1950இல் வெளியிட்ட, கேஸ்வொர்க்கின் விளைவை அளவிடும் ஆய்வு இங்கிருந்துதான் வந்தது. அறநிறுவனம் ஒன்று தன் அடிப்படை நம்பிக்கையையே தராசில் வைப்பது அரிது. இதற்காகவே இச்சங்கத்தை மதிக்கலாம்.

1971இல் சங்கம் தனிக்குடும்ப கேஸ்வொர்க்கை நிறுத்தப்போவதாக அறிவித்தது. குடியிருப்புப் பகுதிகளின் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வதும், கொள்கைக்காக வாதாடுவதும் இனி வழி என்றது. துறைக்குள் பெரிய அதிர்ச்சி. 1939 இணைப்புக்கு ஆதாரமாக மிஞ்சியிருந்த பொதுநிலமும் இப்படிப் போயிற்று. அதே ஆண்டில் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் பிவனும் ரிச்சர்ட் கிளோவர்டும் எழுதிய ‘ரெகுலேட்டிங் தி புவர்’ வெளிவந்தது. ஏழைகளுக்கான நிவாரணம் அவர்களைக் கட்டுப்படுத்தும் கருவி என்று வாதிட்ட அந்த நூலாசிரியர்களில் கிளோவர்ட், ஒழுங்கமைப்புச் சங்கம் தொடங்கிவைத்த அதே கொலம்பியா சமூகப்பணிப் பள்ளியின் பேராசிரியர்.

இரு பழைய சங்கங்களின் ஆவணங்களும் இன்று கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே தொகுப்பாக இருக்கின்றன. விசாரணைக் கோப்புகளை வைத்து மைக்கேல் காட்ஸ் முதலான வரலாற்றாசிரியர்கள் ஏழைகளின் பக்கத்திலிருந்து வரலாறு எழுத முயன்றிருக்கிறார்கள். உதவி கேட்டு வந்தவர் வாய்மொழி, விசாரித்தவர் கையெழுத்தில் கிடைக்கிறது.

சங்கம் இன்றும் இயங்குகிறது. வருமானம் குறைந்த நியூயார்க்வாசிகளுக்குச் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம் வேண்டும் என்று பயணிகள் அமைப்போடு சேர்ந்து சில ஆண்டுகள் அது இயக்கம் நடத்தியது. 2019 ஜனவரியில் அத்திட்டம் தொடங்கியது. கட்டணத்தின் மறுபாதியை நகர நிர்வாகம் தன் வரவுசெலவிலிருந்து கொடுக்கிறது.